வளைந்த சூலமும் ஆசாரியாரின் உலையும்

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. கருவறை என்று சொல்லும்படியான சுவர்களும் கிடையாது. ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி நிற்கும் வேப்பமரத்தின் அடியில் ஒரு கற்பீடம்; அதன் நடுவே ஊன்றிய ஐந்தடி உயர இரும்புச் சூலம். அந்தச் சூலமே எங்கள் அம்மன். பிழைப்புக்காகப் பல ஊர்களுக்குச் சிதறிப்போன பங்காளிகள் அனைவரும் மாசி மாதத்துச் சிவராத்திரியன்று அந்த மரத்தடியில் கூடிவிடுவோம். வங்கிப் பணியில் மாற்றலாகிப் போன ஊர்கள் பல; ஆனாலும் சிவராத்திரிக்கு விடுப்பு எடுக்காத ஆண்டு ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

கடந்த ஐப்பசியில் பெய்த மழையோடு வீசிய காற்றில் அந்த வேம்பின் பெருங்கிளை ஒன்று முறிந்து சூலத்தின்மீது விழுந்தது. பூசாரி தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோது மனம் பதறிவிட்டது. நடுநாக்கு ஒருபுறமாக மடிந்திருந்தது. இடப்புற நாக்கு முறுக்கிக்கொண்டு நின்றது. தண்டு பீடத்துக்குச் சற்று மேலே சாய்ந்திருந்தது. எண்பத்தாறு வயதான என் பெரியம்மா அருகில் உட்கார்ந்து, முந்தானையால் சூலத்தின் மேலிருந்த இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடினோம். பழையதை எடுத்துவிட்டு எவர்சில்வரில் பளபளவென்று புதிய சூலம் செய்துவிடலாம் என்றார் ஒருவர். கட்டட வேலை எடுத்துச் செய்யும் என் சித்தப்பா மகன், "அண்ணே, நம்ம கிட்ட ஜாக்கி இருக்கு. அரை மணி நேரத்துல நிமித்திடலாம்" என்றான். பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பெத்தவளுக்குக் கை வளைஞ்சுபோச்சுன்னா வேற ஆளை மாத்திக்கிடுவீகளாடா?" அதற்குப் பிறகு எவர்சில்வர்ப் பேச்சு எழவில்லை. ஆனால் ஜாக்கி எழுந்தது. அதை மறுத்தவன் நான். மறுத்ததற்குக் காரணம் என் வாழ்வில் நான் செய்த ஒரு பிழை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பூர்விக வீட்டின் முற்றத்துத் தூணில் விளக்கு மாட்டும் இரும்புத் தாங்கி ஒன்று இருந்தது. மயில் தோகை விரித்த வடிவம். கார்த்திகை தோறும் என் தந்தையார் தம் கையால் அதில் விளக்கு மாட்டுவார். அது சற்றே கோணலாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஒரு கார்த்திகைக்கு முதல்நாள், யாரையும் கேளாமல் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணாடி உடைவதுபோல் இரண்டு துண்டாகிவிட்டது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், சர்க்கரையை உடைத்தாற்போல் மணிமணியாக இருந்தது. தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. செம்புக் கம்பியால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, அன்று மாலை அதிலேயே விளக்கை மாட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அது வார்ப்பிரும்பு என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த இரும்பில் கரிச்சத்து நூற்றுக்கு 2 பங்குக்கும் மேல் இருக்கும். அதனால் அது கடினமாக இருக்குமே தவிர, வளைந்து கொடுக்காது. வளையாத பொருளை நிமிர்த்துவது எப்படி? அது கோணலாகத் தோன்றினால், பெரும்பாலும் அச்சிலிருந்து வரும்போதே அப்படி வந்திருக்கும். பிறவியிலேயே அமைந்த சாய்வைக் குறை என்று எண்ணித் திருத்தப் போனேன்; உடைத்துவிட்டேன்.

வங்கியில் நகைக்கடன் கொடுக்கும்போது, மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நாங்கள் பேனாவை எடுப்போம். இரும்புக்கும் அதுவே முறை. என்ன இரும்பு என்று தெரியாமல் சுத்தியலை எடுக்கலாகாது. இதைப் பங்காளிகளிடம் எடுத்துச் சொன்னேன். முடிவில் அம்மனிடமே உத்தரவு கேட்பது என்றாயிற்று. வெள்ளை அரளி, செவ்வரளி இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்துப் பீடத்தில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. செப்பனிடலாம் என்பது பொருள்.

தை மாதம் நல்ல நாள் பார்த்துப் பூசாரி ஒரு கலசத்தில் அம்மனை எழுந்தருளச் செய்தார். ஆகமக் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வதைப் போன்றதுதான் இதுவும். கலசத்தை ஓலைப்பந்தலில் வைத்து நாள்தோறும் விளக்கேற்றினோம். சூலத்தைப் பீடத்திலிருந்து எடுத்து, சணல் சாக்கில் சுற்றி, பக்கத்து ஊர்க் கொல்லர் பட்டறைக்குக் கொண்டு சென்றோம்.

ஆசாரியாருக்கு என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். கலப்பைக் கொழுவும் மண்வெட்டியும் கடையில் வாங்கும் காலம் வந்துவிட்டதால், உலை மூட்டுவதே வாரத்தில் இரண்டு நாள்தானாம். சூலத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதன்பின் நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அன்று முழுவதும் அவர் உலையையே மூட்டவில்லை.

முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றித் துருவை ஊறவைத்தார். பிறகு கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்தார். அரைத்துப் பளபளப்பாக்க வேண்டாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார். கறுப்பாப் படிஞ்சிருக்கு பாருங்க, அது தோல் மாதிரி. அதை உரிச்சா மறுபடியும் துரு ஏறும்" என்றார். செந்துரு உதிர்ந்ததும் தண்டின்மேல் நெடுகிலும் மரத்தின் வரிகளைப்போல் கோடுகள் தெரிந்தன. அடித்து நீட்டிச் செய்த பழைய தேனிரும்பின் அடையாளம் அது. வார்ப்பிரும்பில் இந்த நார்வரி இராது. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த விளிம்புதான் சில நேரம் தெரியும்.

அடுத்துச் சாணைக்கல்லைச் சுழற்றி, பீடத்துக்குள் புதைந்திருக்கும் அடிமுனையை ஒரு நொடி தொட வைத்தார். வைக்கோல் நிறத்தில் நீளமான பொறிகள் பறந்தன. "எஃகா இருந்தா கம்பி மத்தாப்பு மாதிரி பூப்பூவா வெடிக்கும். வார்ப்பா இருந்தா கொஞ்ச தூரத்துலயே செவப்பா அணைஞ்சுடும். இது ரெண்டும் இல்லை. நல்ல இரும்பு, ஆனா பழைய உலை இரும்பு. சூடில்லாம அடிச்சா ஒடிஞ்சுபோகும்" என்றார்.

பழைய இரும்பு ஏன் குளிர்ந்த நிலையில் ஒடிகிறது? இதற்கு விடை காண நாம் டெல்லிக்குப் போக வேண்டும். மெஹ்ரௌலியில் குதுப் மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 7.2 மீட்டர் உயரம். 6 டன்னுக்கும் அதிகமான எடை. சந்திரன் என்னும் பெயர் கொண்ட அரசன் விஷ்ணுபதம் என்ற மலையில் திருமாலுக்குக் கொடிமரமாக நாட்டியது என்று அதன் கல்வெட்டுப் பாடல் தெரிவிக்கிறது. அவ்வரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது துருவால் அழியவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர்.பாலசுப்பிரமணியம் அதற்கான காரணத்தை ஆராய்ந்து விளக்கினார். மரக்கரி உலையில் எடுத்த அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அது இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகத் துணை செய்கிறது.

ஆனால் அதே பாஸ்பரஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பு குளிர்ந்திருக்கும்போது அதை ஒடியும் தன்மை உடையதாக ஆக்கிவிடும். துருவிலிருந்து காப்பாற்றும் பொருளே, தவறான நேரத்தில் அடித்தால் முறிவதற்கும் காரணமாகிறது. மத்தியப் பிரதேசத்துத் தார் நகரில் டெல்லித் தூணைவிட நீளமான பழைய இரும்புத் தூண் ஒன்று மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. பெரிய இரும்பானாலும் முறியும் என்பதற்கு அது சான்று. ஜாக்கி வைத்து அரை மணியில் நிமிர்த்தியிருந்தால் எங்கள் சூலமும் அப்படித்தான் கிடந்திருக்கும்.

அன்று மாலை ஆசாரியார் செய்த சோதனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. வளைவுகளின்மேல் மண்ணெண்ணெயை நன்றாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டார். பிறகு சொட்டு ஈரமின்றித் துடைத்துவிட்டு, நீற்றுச் சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகத் தெரியும். ரயில்வே பட்டறைகளில் வண்டி அச்சுகளை இவ்வகையில் எண்ணெயும் வெண்பொடியும் கொண்டு சோதித்த காலம் உண்டு. தண்டில் கோடு இல்லை. இடப்புற நாக்கின் அடியில் ஒரு மங்கலான கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்து, "இது வெடிப்பு இல்லை சார், பழைய ஒட்டு. எப்பவோ ஒடிஞ்சு, காய்ச்சி அடிச்சு ஒட்டியிருக்காங்க" என்றார். நம் முன்னோரும் ஒரு காலத்தில் இதே கவலையோடு ஏதோ ஒரு பட்டறை வாசலில் காத்திருந்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு நூலை எடுத்து, வலப்புற நாக்கைச் சுற்றி அளந்தார். அதே நூலை நடுநாக்கின் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே சுற்றினார். பாதிக்குச் சற்றுக் கூடுதலான நூலே போதுமானதாயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் இரும்பு மெலிந்து, இடுப்புபோல் ஒடுங்கியிருந்தது. கிளை விழுந்ததும் அங்கேதான் மடிந்திருக்கிறது. "இங்க என்ன சார் குத்தி வைப்பீங்க?" என்று கேட்டார்.

எலுமிச்சம்பழம். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் நடுநாக்கில் பழத்தைக் குத்தி அந்த இடம்வரை இறக்கி வைப்போம். அடுத்த பழம் வரும்வரை பழைய பழம் அங்கேயே அழுகிக் காய்ந்துகொண்டிருக்கும். அதன் புளிப்பு இரும்பைத் தின்னும் என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தண்டின் அடியிலும் அதே கதை. அபிஷேக நீரும் பாலும் பீடக் குழியில் தேங்கி, கல்லும் இரும்பும் சேரும் இடத்தில் துரு அரித்திருந்தது. பழியைக் காற்றின்மேல் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மனின் கையை ஆண்டாண்டாய் மெலியச் செய்தது எங்கள் பக்திதான்.

மறுநாள் விடியலில் உலை மூண்டது. வேலிக்கருவைக் கரி, கையால் சுற்றும் காற்றாடி. மெலிந்த பகுதி விரைவில் காய்ந்து எரிந்துபோகக்கூடும் என்பதால், அதன்மேல் ஈரக் களிமண்ணைப் பூசி மறைத்தார். வளைந்த இடம் மட்டும் தீயின் நடுவில் இருக்கும்படி வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றினார். இரும்பு கருஞ்சிவப்பாகி, செந்நிறமாகி, ஆரஞ்சு நிறம் கடந்து மஞ்சளை எட்டும்வரை அவர் கை வைக்கவில்லை. அந்த நிறத்தில் சூடு ஏறக்குறைய 1,000 பாகை செல்சியஸுக்குமேல் இருக்கும். அரைச்சூட்டில் அடித்தால் நார் பிரிந்து பிளந்துவிடும். 200 முதல் 300 பாகைவரை உள்ள சூட்டில், அதாவது தேய்த்த இரும்பின் மேல் நீலம் பூக்கும் நிலையில், இரும்பு மென்மையாவதற்குப் பதிலாக முன்னைவிட எளிதில் முறியக்கூடியதாகிவிடுகிறது. அடுப்பில் காட்டிச் 'சற்றுச் சூடாக்கி' நிமிர்த்த முயல்வோர் உடைப்பது இதனால்தான். அதற்காக அளவு மீறியும் காய்ச்சக் கூடாது. வெள்ளை நிறமாகிப் பொறி கக்கத் தொடங்கினால் இரும்பே எரிகிறது என்று பொருள்.

அவர் சம்மட்டியைத் தொடவே இல்லை. தண்டைக் குறட்டால் பிடித்து, கவைபோன்ற இரும்புப் பிடியில் கொடுத்து, கையின் பலத்தால் மெல்ல இழுத்தார். எஞ்சிய சிறு நெளிவை மரக்கட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். மரச் சுத்தியல் என்பதால் மேல் தழும்பு விழவில்லை. நிறம் மங்கியதும் கையை நிறுத்தி மீண்டும் உலையில் வைத்தார். "சூடு இறங்கினா கையும் இறங்கிடணும். இன்னும் ஒரே ஒரு தட்டுன்னு அடிப்போம் பாருங்க, அந்தத் தட்டுலதான் ஒடியும்" என்றார். ஓங்கிய என் சுத்தியல் எனக்கு நினைவு வந்தது.

எந்த வளைவை முதலில் எடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. கடைசியாக எது வளைந்ததோ அதை முதலில் நிமிர்த்த வேண்டும். கிளை விழுந்த வேகத்தில் முதலில் மடிந்தது நடுநாக்கு. பிறகு முறுக்கியது இடப்புற நாக்கு. எல்லாப் பாரமும் இறங்கியபின் சாய்ந்தது தண்டு. ஆகவே தண்டு முதலில். அடுத்து இடப்புற நாக்கு. பழைய ஒட்டு பிரிந்துவிடாமல் இருக்க, ஒட்டையும் சேர்த்து ஒரே சீராகக் காய்ச்சி, இரண்டு சூட்டில் முறுக்கை விடுவித்தார்.

கடைசியில் நடுநாக்கு. நான்கு சூட்டில் பெரும்பகுதி எழுந்துவிட்டது. ஐந்தாவது சூட்டுக்குப்பின் சற்று ஆறவிட்டு மெலிந்த இடத்தை உற்றுப் பார்த்தார். மடிப்பின் மேற்புறத்தில் மயிரிழைபோல் குறுக்குக் கோடுகள் இரண்டு தோன்றியிருந்தன. குறட்டைக் கீழே வைத்துவிட்டார். அப்போதும் நாக்கு ஒரு விரற்கடை வலப்புறம் சாய்ந்துதான் இருந்தது. "இவ்வளவுதான் சார் கொடுக்கும். இதுக்கு மேல கேட்டா உள்ளதும் போயிரும்" என்றார். என் சித்தப்பா மகன், "இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே ஆசாரி" என்றான். அவர் பதில் சொல்லாமல் உலையை அவித்தார்.

பலரும் செய்வதுபோல் காய்ந்த இரும்பை நீரில் தோய்க்கவில்லை. உலைச் சாம்பலைக் குவித்து, சூலத்தை அதனுள் புதைத்து, இரவு முழுவதும் தானாக ஆறவிட்டார். திடீரென்று குளிரச் செய்தால் இரும்பு உள்ளிழுத்துக்கொள்ளும் இறுக்கம் பின்னர் வெடிப்பாக வெளிப்படக்கூடும். காலையில் கைபொறுக்கும் சூட்டில் எடுத்து, தச்சர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவித் துடைத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாயும் கூட்டிக் கேட்கவில்லை, குறைத்தும் வாங்கவில்லை.

வாசகர் வீடுகளிலும் பழைய இரும்புப் பொருள்கள் இருக்கும். பெரிய பூட்டின் சாவி, கதவின் நாதாங்கி, ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி, முன்னோர் பூசித்த வேல் என்று எதுவாகவும் இருக்கலாம். வளைந்திருந்தால் உடனே நிமிர்த்தத் துடிக்க வேண்டாம். வார்ப்பிரும்பானால் அப்படியே விட்டுவிடுங்கள். அரிவாள்மனையின் அலகு போன்ற தோய்த்த எஃகை வீட்டில் வளைக்க முயல வேண்டாம். தெறித்துக் கண்ணில் படும். பழைய வண்ணப்பூச்சு உள்ள பொருளைத் தீயில் காட்டவும் வேண்டாம். சில பழைய பூச்சுகளில் ஈயம் உண்டு, அதன் புகை நஞ்சு. நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த மிகப் பழைய இரும்பாயின், அதைத் தீண்டாமல் அரசு அலுவலருக்குத் தெரிவிப்பதே முறை. ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்பு வாள்களும் ஈட்டிகளும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தகைய இரும்பைக் காய்ச்சினால், அதைச் செய்தவர் எவ்வாறு செய்தார் என்பதைக் காட்டும் உள்ளமைப்பு அழிந்துவிடும்.

கோயில் சூலங்களுக்கும் வேல்களுக்கும் ஒரு வேண்டுகோள். எலுமிச்சம்பழத்தைக் குத்தியே ஆக வேண்டும் என்பது உங்கள் கோயில் வழக்கமானால், பூசை முடிந்து நடை சாத்தும்போது எடுத்துவிடுங்கள். நுனியை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவுங்கள். அபிஷேகம் ஆனபின் அடிக்குழியில் நீர் நிற்கவிடாதீர்கள்.

சிவராத்திரிக்குப் பத்து நாள் முன்னதாகச் சூலத்தை மீண்டும் பீடத்தில் ஊன்றி, கலசநீரைச் சொரிந்து பூசாரி அம்மனை எழுந்தருளச் செய்தார். குழியைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்தால் சரிவு கட்டியிருக்கிறோம், நீர் வடிந்துவிடுகிறது. நடுநாக்கின் சாய்வைப் பார்த்துச் சில பங்காளிகள் முணுமுணுத்தார்கள். பெரியம்மா அந்தச் சாய்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழத்தைக் குத்தக் கூடாது என்றதற்குத்தான் அவர் இலேசில் இணங்கவில்லை. அறுபது ஆண்டுப் பழக்கம் அல்லவா! மெலிந்த இடத்தை அவர் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தடவிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசம் சொல்லாம இருந்திருக்காளே" என்றார். இப்போது பழம் பித்தளைத் தட்டில், அம்மனின் காலடியில் இருக்கிறது.

விடைபெறும் நாளில் ஆசாரியாரிடம் என் தந்தையாரின் மயில் தாங்கியைப் பற்றிச் சொன்னேன். செம்புக் கம்பிக் கட்டோடு அது இன்றும் என் வீட்டில் இருக்கிறது. ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு காலமாக அந்தக் கட்டு நிற்கிறது என்று விசாரித்தார். நாற்பது ஆண்டு என்றேன்.

"அப்ப அதைத் தொடாதீங்க சார்" என்றார்.